புளூடூத் இயர்பட்ஸ், ஸ்பீக்கர், வயர்லெஸ் மைக்: 8517-ஆ, 8518-ஆ?

சரக்குக்கணக்கு கேட்டது:
வணக்கம். ஒரே சரக்கில் மூன்று பொருள் வருகிறது. சார்ஜிங் கேஸோடு புளூடூத் இயர்பட்ஸ். எஃப்எம், மெமரி கார்டு வசதியுள்ள புளூடூத் ஸ்பீக்கர். ரிசீவரோடு சேர்ந்த வயர்லெஸ் மைக். சப்ளையர் இன்வாய்ஸில் மூன்றுக்கும் சுங்க வகைப்பாட்டு எண் (எச்எஸ் கோடு) 8518 என்று போட்டிருக்கிறார். எங்கள் சுங்க முகவரோ, "வயர்லெஸ் என்றால் எல்லாமே 8517.62" என்கிறார். இரண்டுக்கும் தீர்வை வேறு. யார் சொல்வது சரி?

தலைப்பு85:
இரண்டு பேரும் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். வயர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத் தலைப்பு, அதாவது அந்த நாலு இலக்க எண், முடிவாவதில்லை. பொருளின் முக்கிய வேலை என்ன என்பதுதான் கேள்வி. எச்எஸ் வகைப்பாட்டில் இயந்திரங்களும் மின் கருவிகளும் வரும் பதினாறாம் பிரிவின் 3-ஆம் குறிப்பு இதைத்தான் கேட்கிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மைக்கில் குழப்பமே இல்லை. 8518-க்கு உலகச் சுங்க அமைப்பு தரும் எச்எஸ் விளக்கக் குறிப்புகளிலேயே வயர்லெஸ் மைக் செட் பேர் சொல்லி வருகிறது: ஒன்றோ பலவோ மைக், கூடவே ஒரு ரிசீவர். மைக்கில் ஆன்டெனாவும் அனுப்பும் சர்க்யூட்டும் இருப்பதையும் அதே குறிப்பு சொல்கிறது. ஆகவே 8518.10. உங்கள் முகவரின் 'வயர்லெஸ் என்றால் 8517' என்ற விதி இங்கேயே உடைந்துவிடுகிறது. ஆனால் ரிசீவரை மட்டும் தனியாக இறக்கினால் இந்தக் குறிப்பு கைகொடுக்காது, அதைத் தனியாகத்தான் வகைப்படுத்த வேண்டும்.

உண்மையான சண்டை இயர்பட்ஸில்தான். 8518-இன் வாசகம் 'ஹெட்போன், இயர்போன், மைக்கோடு இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று நேரடியாகப் பேசுகிறது. அதைப் பிடித்துக்கொள்பவர்கள் 8518.30 என்பார்கள். எதிர்த்தரப்பு சொல்வது: இது ரேடியோ வழியாக டிஜிட்டல் தரவைப் பெறுகிறது, ஒலியாக மாற்றுகிறது, பேசும் குரலைத் திருப்பி அனுப்புகிறது, குரலையும் தரவையும் பெற்று, மாற்றி, அனுப்பும் கருவிகளுக்கான 8517.62 அதற்காகத்தானே இருக்கிறது? இதை லேசாக ஒதுக்க முடியாது. அமெரிக்கச் சுங்கத் துறை தன் தீர்ப்புகளில் புளூடூத் ஹெட்போனை 8517.62-இல் வைத்திருக்கிறது, புளூடூத் ஸ்பீக்கரை 8518-இல் வைத்திருக்கிறது. ஒரே தொழில்நுட்பம், இரண்டு தலைப்பு.

ஸ்பீக்கரில் எஃப்எம் இருப்பதை உங்கள் முகவர் கவனித்தாரா? ஒலிபரப்பைப் பெறும் கருவி, ஒலியை இசைக்கும் கருவியோடு ஒரே பெட்டியில் இருந்தாலும் 8527-க்குள் வரும் என்று அந்தத் தலைப்பே சொல்கிறது. மெமரி கார்டிலிருந்து பாட்டு ஓடுவதால், ஒலியைப் பதியும், இசைக்கும் கருவிகளுக்கான 8519-உம் கதவைத் தட்டும். முக்கிய வேலை புளூடூத் வழி ஒலிபெருக்குவதுதான் என்று காட்ட முடிந்தால் 8518.21 அல்லது 8518.22; பெட்டிக்குள் ஒரே ஸ்பீக்கரா, பலவா என்பதைப் பொறுத்தது. எது முக்கியம் என்றே சொல்ல முடியாத நிலை வந்தால் எச்எஸ் வகைப்பாட்டின் பொது விதி 3(சி): சம தகுதியுள்ள தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவது. அப்போது 8527 ஜெயிக்கும்.

தீர்வைமேசை:
நல்ல விளக்கம். இந்தச் சண்டை ஏன் ஓயவில்லை என்பதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். 1996-இல் உருவான உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குத் தீர்வையை நீக்கியது. ஸ்பீக்கர் போன்றவை 2015-இல் நைரோபியில் 201 பொருள்களோடு அதை விரிவாக்கியபோதுதான் பட்டியலில் ஏறின. முதல் ஒப்பந்தத்தில் இருந்த எல்லா நாடுகளும் இரண்டாவதில் சேரவில்லை. சேராத நாட்டில் இறக்குமதியாளர் 8517 பக்கம் சாய்வதும், அதிகாரி 8518 பக்கம் இழுப்பதும் அதனால்தான்.

சரக்குக்கணக்கு:
இருவருக்கும் நன்றி. அப்போ இயர்பட்ஸுக்கு நான் என்ன எழுதுவது? சார்ஜிங் கேஸைத் தனிப் பொருளாகக் காட்டணுமா?

தலைப்பு85:
கேஸ், கேபிள் எல்லாம் ஒரே சில்லறைப் பெட்டியில் வந்தால் தனியாகக் காட்ட வேண்டாம். பொது விதி 3(பி) படி அது ஒரு செட். அதற்குத் தன்மையைக் கொடுப்பது இயர்பட்ஸ், அதன் தலைப்பிலேயே எல்லாம் போகும். கேஸ் மட்டும் உதிரியாக வந்தால்தான் கதை வேறு.

எண்ணுக்கு, இறக்குமதி செய்யும் நாட்டின் சுங்கத்திடம் சரக்கு கிளம்பும் முன்பே முன்தீர்ப்பு (எந்த எண் என்று முன்கூட்டியே எழுத்தில் தரும் முடிவு) கேளுங்கள். 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், 3-ஆம் பிரிவில் இதற்கு வழி செய்திருக்கிறது. தீர்வை குறைவு என்பதற்காக 8517.62 எழுதிவிட்டுப் பின்னால் வித்தியாசத்தையும் வட்டியையும் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

விண்ணப்பத்தோடு மாடல் எண், தொழில்நுட்பத் தாள், உள்சர்க்யூட் படம், சில்லறைப் பெட்டியின் நான்கு பக்கப் படம் வையுங்கள். இன்வாய்ஸில் 'ஆடியோ அக்சஸரீஸ்' என்று இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். 'புளூடூத் ஸ்டீரியோ இயர்பட்ஸ், மைக்குடன், சார்ஜிங் கேஸுடன்' என்று மாடல்வாரியாக இருக்கட்டும். ஸ்பீக்கர் வரியில் எஃப்எம்மை மறைக்காதீர்கள்; பெட்டியைத் திறந்ததும் ட்யூனர் பட்டன் கண்ணில் படும்.