பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிகிறார், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் படிப்புக்காக ஆய்வு செய்கிறேன். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வருடத்துக்கு எத்தனை முறை வருகிறார்கள், அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று மின்னணுப் பதிவுகளை வைத்துக் கணக்கிட வேண்டும். அனுமதி வாங்கியாயிற்று.

முதல் சிக்கல் பெயர். நம் ஆட்கள் இனிஷியலை முன்னால் சொல்வார்கள், மலையாள வழக்கத்தில் அது பின்னால் போகும். அதனால் ஒரே அம்மா இரண்டு பேராகப் பதிவாகியிருக்கிறார். ஆபா (ABHA) என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண் எல்லோரிடமும் இல்லை. பிறந்த வருடம், போன் நம்பர் வைத்துப் பொருத்துகிறேன். ஒரே போனை வீடே பயன்படுத்துகிறதே!

அப்புறம், டாக்டரைப் பார்க்காமல் மாத மாத்திரை மட்டும் வாங்கிப் போவதை ஒரு வருகையாக எண்ணலாமா? தனியாக எண்ணுவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் ஆகும் ஊழியர் நேரம் வேறு.

பில் இல்லாத இடத்தில் செலவை எப்படிப் போடுவது? மருந்து கொள்முதல் விலை, ஊழியர் சம்பளம், லேப் செலவு சேர்த்து ஒரு வருகைக்கு வகுக்கிறேன். பொள்ளாச்சிக்குப் போய் டாக்டரிடம் காட்டிய செலவும், அன்று வேலைக்குப் போகாமல் இழந்த கூலியும் இந்தப் பதிவில் வராது. அதற்கு வீட்டுக்கே போய்க் கேட்கப் போகிறேன்.

இப்படிப்பட்ட பதிவுகளில் வேலை செய்தவர்கள், முக்கியமாகப் பெயர் பொருத்தியவர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் கேட்பதற்குத் தமிழில் கேள்வித்தாள் இருந்தால் அதையும் கொடுங்கள்.