மறு: மோதுவிகளில் 'நுண்ணளவீடு' பொருந்துமா?

நண்பர்களே, வணக்கம். துகள்களை மோதவிட்டு ஆராயும் மோதுவிகளில் (collider) மிகச் சிறிய பிழையோடு அளப்பதை ஆங்கிலத்தில் 'precision measurement' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> 'நுண்ணளவீடு' என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரி, பொருள்தான் இடிக்கிறது. நுண்ணுயிரி, நுண்ணோக்கி என்று பழகிய வாசகர், அளக்கப்படும் பொருள் சிறியது என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே சிறிதாக இருக்க வேண்டியது பிழை. அளக்கப்படும் பொருள் கனமாகவும் இருக்கலாம்: டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகளின் நிறை ஏறக்குறைய ஒரு டங்ஸ்டன் அணுவின் நிறை. அடிப்படைத் துகள்களில் அதைவிடக் கனமானது இதுவரை கிடைக்கவில்லை.

அந்த டாப் குவார்க்கையே பாருங்கள். செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் ஓடிய லெப் மோதுவிக்கு அதை உண்டாக்கும் ஆற்றல் கிடையாது. ஆனாலும் இசட் போசான் என்ற துகளை அவ்வளவு கறாராக அளந்ததால், குவாண்டம் திருத்தங்கள் (நேரில் உண்டாகாத துகள்களும் அளவீட்டில் விடும் சிறு தடம்) வழியாக டாப்பின் நிறை எந்த வரம்புக்குள் இருக்கும் என்று சொல்ல முடிந்தது. 1995இல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் அது சிக்கியபோது நிறையும் அந்த வரம்புக்குள்தான் இருந்தது. கறார் என்றால் லேசுப்பட்டதல்ல: நிலவின் ஈர்ப்பில் தரை விரிந்து, லெப்பின் 27 கிலோமீட்டர் வளையம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்குவதையும் கணக்கில் சேர்த்தார்கள். மோதுவியின் ஆற்றலுக்கு எட்டாத புதுத் துகள்களை இன்றும் இப்படித்தான் தேடுகிறார்கள். அடிப்படைத் துகள்களை விளக்கும் இன்றைய கோட்பாடான சீர்மரபு ஒப்புரு (Standard Model) சொல்லும் எண்ணிலிருந்து அளந்த எண் விலகுகிறதா என்பதே கேள்வி.

'துல்லிய அளவீடு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் என்பது துல்லியம். பிழைப்பட்டை, அதாவது அளந்த எண்ணுக்கு இருபுறமும் விடும் பிழை இடைவெளி, எவ்வளவு குறுகல் என்பது வேறு. பின்னதற்குப் பாடநூல் தரும் சொல் 'நுட்பம்'. ஆனால் 'நுட்ப அளவீடு' என்றால் ஏதோ தொழில்நுட்ப சமாச்சாரம் போல ஒலிக்கிறது. 'திட்பநுட்பம்' என்ற பழைய இணையின் மறுபாதி சும்மாதானே கிடக்கிறது? அதனால் என் ஓட்டு 'திட்ப அளவீடு'.

திட்பம், துல்லியம் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும் என்பதற்கு டபிள்யூ போசான் என்ற துகள் சாட்சி. அதன் நிறையை 2022இல் ஃபெர்மிலேபின் சிடிஎஃப் குழு 80,433.5 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள் நிறையைச் சொல்லும் அலகு) என்றது, பிழை 9.4. 2024இல் செர்னின் சிஎம்எஸ் குழு 80,360.2 என்றது, பிழை 9.9. சிஎம்எஸ் எண் ஒப்புருவோடு ஒத்துப்போகிறது, சிடிஎஃப் எண் வெகுவாக விலகி நிற்கிறது. இரண்டும் திட்பமானவை, இரண்டுமே துல்லியமாக இருக்க வழியில்லை.

அப்புறம், அளவீடுகள் இப்படி ஒத்துப்போகாமல் நிற்கும் நிலைக்கும் ஒரு சொல் வேண்டும். 'முரண்' என்றால் தீர்ப்பே எழுதிவிட்டது போலாகிறது. 'இழுபறி' என்று போடலாமா?