பள்ளக் காணிகளை நிரப்புவதற்குப் பிரதேச சபை கட்டுப்பாடு விதிப்பது நியாயமா?

களனிக்கரை:
வணக்கம். களனி கங்கைக்குத் தெற்கே, மாநகர எல்லைக்குச் சற்று வெளியே, அப்பா எனக்கு எழுதித் தந்த 12 பேர்ச் காணி இருக்கிறது. அது முன்பு வயலாக இருந்த இடம். பெருமழை பெய்தால் இன்றும் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கிரவல் கொட்டி நிரப்பி வீடு கட்டலாம் என்றிருந்த நேரத்தில், மழைநீர் வந்து தேங்கும் காணிகளை நிரப்புவதையும் துண்டு போட்டு விற்பதையும் கட்டுப்படுத்தத் துணை விதியொன்றை எங்கள் பிரதேச சபை ஆலோசித்து, பொதுமக்களின் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறது. 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டியில் இருந்த அக்காவின் குடும்பத்தைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தோம்; ஆகவே விதியை எதிர்க்க மனம் வரவில்லை. ஆனால் ஏக்கர் கணக்கில் நிரப்பியவர்கள் வீடுகளை விற்றுவிட்டுப் போன பிறகு எங்களைப் போன்றவர்களைத் தடுப்பது நியாயமா? ஏற்கெனவே சட்டங்கள் இருக்கும்போது சபை தனியாக ஒரு விதி போட வேண்டிய தேவைதான் என்ன?

வடிகால் பொறியியலாளர் (ஓய்வு):
சட்டங்கள் இருப்பது உண்மை. வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். தாழ்நிலமாயின் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் போக வேண்டும். ஆனால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாவது 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும்போதுதான். 4 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 1,580 பேர்ச். பத்துப் பத்துப் பேர்ச்சாக நூறு பேர் தனித்தனியே நிரப்பினாலும் 1,000 பேர்ச்தான் ஆகும். ஒருவரிடமும் அந்த மதிப்பீட்டை யாரும் கேட்கப் போவதில்லை.

உங்கள் காணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 பேர்ச் என்றால் சுமார் 300 சதுர மீற்றர். அரை மீற்றர் தண்ணீர் நிற்கும் அந்த இடத்தை நிரப்பினால் 150 கன மீற்றர், அதாவது ஒன்றரை இலட்சம் லீற்றர் தண்ணீர் வேறெங்காவது போயாக வேண்டும். அது போகும் இடம் நிரப்பப்படாத பக்கத்துக் காணி, இல்லையென்றால் உங்கள் அக்காவின் முற்றம். தனியொருவரின் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு இந்தக் கூட்டுக்கணக்கு தெரிவதில்லை. ஒரு பள்ளத்தின் எல்லா விண்ணப்பங்களும் வந்து சேரும் மேசை உள்ளூராட்சி சபையில்தான் இருக்கிறது. சபை விதி செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவே. துணை விதி செய்யும் அதிகாரத்தை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கொடுத்திருக்கிறது. ஆயினும் உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியான பிறகே அது செல்லும்.

அவிசாவளை வீதி:
பேச்சு வெள்ளத்தோடு நின்றுவிடக் கூடாது. 1886இலிருந்து கொழும்புக்குத் தண்ணீர் தரும் லபுகம நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டில் யாரும் குடியேற விடப்படாததால்தான் அந்த நீர் இவ்வளவு காலமும் தெளிவாக வருகிறது. அம்பத்தலையில் களனியிலிருந்து எடுக்கும் குடிநீருக்கு அப்படியொரு காவல் கிடையாது. மேலே கரையோரம் வெட்டிய மண்ணும் தொழிற்சாலைக் கழிவும் அதே ஆற்றில்தான் இறங்குகின்றன. ஆகவே ஆற்றங்கரையில் மண் வெட்டுவதையும் விதியில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

கொலன்னாவை அம்மா:
தம்பி, 2016இல் எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஜன்னலுக்கு மேலே நின்றது. பிள்ளைகளின் சான்றிதழ்களைக்கூட எடுக்க முடியவில்லை. விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 12 பேர்ச் காணியைத் தவிர வேறொன்றும் இல்லாதவரிடம் "கட்டாதே" என்று சொல்லிவிட்டுச் சபை ஒதுங்க முடியாது. தூண்களின் மேல் வீடு கட்ட அனுமதித்துத் தரையைத் தண்ணீருக்கு விடலாம். நிரப்பாமல் விட்ட பகுதிக்கு வரியைக் குறைக்கலாம். துண்டு போட்டு விற்பவர்தான் தன் செலவில் தண்ணீருக்கு இடம் ஒதுக்க வேண்டும், வாங்குபவர் அல்ல.

களனிக்கரை:
ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. ஒன்றரை இலட்சம் லீற்றர் என்ற கணக்கை இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. கிரவலுக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். தூண் வீட்டையும் வரிக் குறைப்பையும் சேர்த்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இதுவரை கொடுத்த நிரப்பல் அனுமதிகளைச் சபை வரைபடத்தில் குறித்து அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் எழுதப் போகிறேன். ஐயா, அனுமதியின்றி ஏற்கெனவே நிரப்பிய காணிகளை அந்த வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

வடிகால் பொறியியலாளர் (ஓய்வு):
பழைய நில அளவைப் படத்தில் வயல் என்றிருந்து இன்று கட்டடம் நிற்கும் ஒவ்வொரு துண்டையும், அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிரப்பியதாகவே குறிக்கச் சொல்லுங்கள்.