நூறு தளங்களில் பிரஸ் ரிலீஸ்: பணம் கட்டலாமா?

செந்தில்: மடிக்கணினி பழுதுபார்ப்பது என் தொழில். நல்ல கட்டுரை எழுதினால் பேக்லிங்க், அதாவது மற்ற தளங்கள் என் தளத்துக்குக் கொடுக்கும் லிங்க், தானாக வரும் என்றார்கள். நாற்பது எழுதியும் ஒன்றுகூட வரவில்லை. என் தளத்தின் லிங்கோடு பிரஸ் ரிலீஸை நூறு தளங்களில் போட்டுத் தரும் சேவைக்குப் பணம் கட்டப் போகிறேன்.

மீனா: கட்டாதீர்கள். ஆங்கர் டெக்ஸ்டில், அதாவது லிங்காகச் சொடுக்கும் சொற்களில், தேடுசொல்லைத் திணித்துப் பிரஸ் ரிலீஸ் பரப்புவதைக் கூகுளின் ஸ்பாம் விதிகள் வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றன. 2012-இல் செயற்கை லிங்குகளைப் பிடிக்கும் கூகுளின் பெங்குயின் அல்காரிதம் வந்தபோது, இப்படி லிங்க் சேர்த்துத் தேடலில் சரிந்த தளங்களைச் சுத்தம் செய்தவள் நான். லிங்கை எடுத்துவிடச் சொல்லி ஒவ்வொரு தளத்துக்கும் மெயில் போட்டுக் கெஞ்சினோம்.

செந்தில்: 2016-க்குப் பிறகு பெங்குயின் அந்த மாதிரி லிங்கைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது, அவ்வளவுதானே? எனக்கென்ன நஷ்டம்?

மீனா: கட்டிய பணம் நஷ்டம்தானே? தவிர, அல்காரிதம் இல்லாமல் கூகுள் ஆட்களே தளத்தைப் பார்த்து எடுக்கும் நடவடிக்கை இன்றும் உண்டு. பேசாமல் எழுதிக்கொண்டே இருங்கள்.

அருள்: மீனா, முதல் பாதி சரி. "எழுதிக்கொண்டே இருங்கள்" என்பதை ஏற்க மாட்டேன். கண்ணில் படாத பக்கத்துக்கு யார் லிங்க் கொடுப்பார்? பழைய போன் பேட்டரிகளைச் சோதித்து ஓர் அட்டவணை போட்டோம். பேட்டரி பற்றி அண்மையில் எழுதியிருந்த எட்டுப் பேருக்கு மட்டும் தனித்தனியாக மெயில் அனுப்பினோம். தலைப்பு வரியிலேயே முடிவைச் சொல்லிவிட்டோம். ஒரு நிருபர் எங்கள் பெயரைப் போட்டுச் செய்தி எழுதினார், லிங்க் தரவில்லை. மறுநாள் காலை, "சோதித்த முறையும் முழு அட்டவணையும் இந்தப் பக்கத்தில் உள்ளன, வாசகர்கள் சரிபார்க்கலாம்" என்று எழுதினேன். மாலைக்குள் சேர்த்துவிட்டார். அப்புறம் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் தாங்களாகவே லிங்க் கொடுத்தார்கள்.

மீனா: அட்டவணை இருந்ததால்தானே அந்த மெயிலுக்கே மதிப்பு? செந்தில், உங்கள் நாற்பதில் வேறெங்கும் கிடைக்காத தகவல் எத்தனையில் இருக்கிறது?

செந்தில்: உண்மையைச் சொன்னால், எதிலும் இல்லை. ஆனால் மூன்று வருடப் பழுதுப் பதிவேடு கையில் இருக்கிறது. எந்த மாடலில் எந்தப் பாகம் முதலில் போகிறது என்று குறித்து வைத்திருக்கிறேன்.

மீனா: அதை ஏன் இத்தனை நாள் வெளியிடவில்லை! வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு முதலில் அதைப் போடுங்கள்.

அருள்: பிடிஎஃப் ஆக வேண்டாம், தனிப் பக்கமாகப் போடுங்கள். எத்தனை கணினிகளைப் பார்த்தீர்கள் என்பது மேலேயே இருக்கட்டும், நிருபர் முதலில் கேட்பது அதைத்தான். போட்டதும் சொல்லுங்கள், யாருக்கு அனுப்பலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.