பையன் கையில் பைக் கொடுக்க எத்தனை வயது? 16ஆ, 18ஆ?

திண்டுக்கல்காரன்:
மகனுக்கு 16 முடிந்துவிட்டது, பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடம் 9 கிலோமீட்டர். சிறப்பு வகுப்பு முடிவதற்குள் 5.15 பஸ் போய்விடுகிறது, அடுத்தது 7 மணிக்குத்தான். அவன் வகுப்பில் பல பேர் வண்டியில்தான் வருகிறார்கள். என் ஸ்பிளெண்டர் பகல் முழுக்க வீட்டில் சும்மா நிற்கிறது. 18 ஆகட்டும் என்கிறாள் மனைவி. "நீ எட்டாவது படிக்கும்போதே ஓட்டினவன்தானே" என்கிறார் அப்பா. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கழனிக்காடு:
தாராளமாகக் கொடுங்கள் அண்ணா. களத்துமேட்டில் டிவிஎஸ் 50 ஓட்டிப் பழகாத பையன் எங்கள் பக்கம் கிடையாது. சின்ன வயதில் பழகினால்தான் பேலன்ஸ், பிரேக் எல்லாம் கைக்கு வரும். பைக் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் உலகப் பந்தயத்தில் இறங்கியபோது வயது 15. அவர் என்ன 18 வரை காத்துக்கொண்டா இருந்தார்?

பாலா_கோவை:
கழனிக்காடு சார், நல்ல ஆளை இழுத்தீர்கள். அவர் இறங்கியது 2008இல். 2021ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 14, 15, 19 வயதுப் பையன்கள் மூன்று பேர் ஐரோப்பியப் பந்தயத் தளங்களில் விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் 2023 முதல் அந்த உலகப் பந்தயங்களில் ஓட்ட, சில விதிவிலக்கு தவிர, 18 வயது ஆக வேண்டும் என்று மாற்றினார்கள். அதே 2023 ஆகஸ்டில் நம் இருங்காட்டுக்கோட்டை தளத்தில் 13 வயது பெங்களூரு பையன் ஒருவன் போய்விட்டான். தோல் உடுப்பு, முழு ஹெல்மெட், எதிரே லாரி வராத தளம், இத்தனையும் இருந்தும்! நத்தம் ரோட்டில் இதில் எது இருக்கிறது?

கழனிக்காடு:
பந்தயத்தில் 200 கிலோமீட்டர் வேகத்தில் போவதையும் பள்ளிக்கூடத்துக்கு 40இல் போவதையும் ஒன்றாக்காதீர்கள்.

பாலா_கோவை:
பந்தயத்தை இங்கே கொண்டுவந்தது நீங்கள்தான். அப்புறம், 16 வயதுப் பையன் அப்பா பார்க்கும்போது 40இல்தான் போவான். பின்னால் இரண்டு கூட்டாளிகள் ஏறியதும் எத்தனையில் போவான் என்று அவனைக் கேளுங்கள்.

வக்கீல்_சித்தப்பா:
சட்டம் என்ன சொல்கிறது என்று யாருமே பேசவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 4ஆம் பிரிவின்படி வயது 18. 16 ஆனவர் 50 சிசி தாண்டாத வண்டியை மட்டும் ஓட்டலாம், அதுவும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்து, எல்எல்ஆர் எடுத்துவிட்டு. லூனா ஓடிய காலத்து விதி இது. இன்றைக்கு ஷோரூமில் போய் 50 சிசி பெட்ரோல் வண்டி கேட்டால் சிரிப்பார்கள். நம் ஊர் எக்ஸ்எல்லே 99.7 சிசி ஆகிவிட்டது. விதி இருக்கிறது, வண்டி இல்லை.

ஸ்பிளெண்டரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி குற்றவாளி பையன் மட்டும் அல்ல, வண்டிக்காரரும் பெற்றோரும்தான். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை எல்எல்ஆர்கூடக் கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். அவன் தினமும் வண்டியில் போவதைத் தெருவே பார்க்கும்போது எப்படி நிரூபிப்பீர்கள்?

இதைவிட எனக்குப் பெரிய பயம் இன்சூரன்ஸ். லைசென்ஸ் இல்லாத பையன் யார் மேலாவது மோதினால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கட்டும் என்றுதான் பெரும்பாலும் தீர்ப்பு வருகிறது. தொகை லட்சங்களில் இருக்கும். நிலத்தை விற்றுக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வசந்தி_தேனி:
சித்தப்பா சொல்வது எல்லாம் சரி. ஆனால் இங்கே பேசுகிற எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் ஸ்கூட்டி இருந்ததால்தான் பிளஸ் டூ முடித்த பெண்கள் இருக்கிறார்கள். ஆறரை மணி இருட்டில் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைப்பதற்குப் பதில் படிப்பையே நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் பெண்ணிடம் போய் 18 வரை பொறு என்றால், 18இல் அவள் கையில் வண்டிச் சாவி இருக்காது, குழந்தை இருக்கும்.

பாலா_கோவை:
அக்கா, இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஆனால் 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஸ்கூட்டி என்பதால் லாரிக்காரன் ஒதுங்கிப் போகப் போவதில்லை.

கியர்பாக்ஸ்:
16ஆ 18ஆ என்று சண்டை போடுகிறோம். எந்த வண்டி என்று யாரும் கேட்கவில்லை. பிரிட்டனில் 16இல் மணிக்கு 45 கிலோமீட்டர் தாண்டாத மொபெட், 17இல் 125 சிசி, 19இல் 35 கிலோவாட் திறன் வரை. வரம்பே இல்லாத பெரிய வண்டிக்கு 24, படிப்படியாக வந்தவருக்கு 21. ஜப்பானில் 16இலேயே 400 சிசி வரை உண்டு, அதற்கு மேல் 18. இங்கே? ஆர்டிஓ மைதானத்தில் ஸ்பிளெண்டரில் எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு மறுநாளே 1000 சிசி ஓட்டலாம். 18 வரை சைக்கிள் மட்டும் மிதித்த பையன், காலேஜ் சேர்ந்த வாரம் டியூக் 200 வேண்டும் என்று அழுது வாங்குகிறான். சட்டப்படி எல்லாம் சுத்தம். எனக்கு இவனைப் பார்த்தால்தான் அதிக பயம்.

கழனிக்காடு:
அப்படிச் சொல்லுங்க! அதனால்தான் 16இல் சின்ன வண்டியில் பழக்குவோம் என்கிறேன். பெட்ரோல் வேண்டாம், எலக்ட்ரிக் வாங்கிக் கொடுங்கள். 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்றால் லைசென்ஸும் கேட்க மாட்டார்கள், பதிவும் கேட்க மாட்டார்கள்.

வக்கீல்_சித்தப்பா:
அது உண்மை. ஆனால் விற்கிற கடையிலேயே, 25ஐத் தாண்டாமல் பிடித்து வைக்கிற வேகப் பூட்டை எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டு போன நிமிஷமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். நம்பர் பிளேட் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இல்லை. ஸ்பிளெண்டரைவிட மோசமான இடத்தில் மாட்டுவீர்கள். பில்லில் வாட் அளவு எழுதி வாங்குங்கள், பூட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

பாலா_கோவை:
25இல் போகிற வண்டியைப் பைபாஸில் விட்டுவிடாதீர்கள், பின்னால் வருகிற பஸ்காரனுக்கு அது நிற்கிற மாதிரிதான் தெரியும். ஊருக்குள்ளேயே போகிற பாதை இருந்தால் சரி. இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, 5.15 பஸ்ஸை 5.45க்கு மாற்றச் சொல்லி டெப்போவில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் ஒன்று.

வசந்தி_தேனி:
நாங்கள் இரண்டு இடத்திலும் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறோம் தம்பி. பஸ் இன்னும் 5.15க்குத்தான் போகிறது.

கழனிக்காடு:
அக்கா, அந்த எலக்ட்ரிக் வண்டி விலை விசாரித்துச் சொல்லட்டுமா?