பிளேட்லெட் கிடக்கட்டும், பி.சி.வி. என்ன?

போன கார்த்திகையில் என் ஒன்பது வயது மகனுக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாடா, வீட்டுக்குப் போகலாம் என்று பையைக் கட்டினேன். டாக்டரோ அப்போதுதான் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"பிளேட்லெட் எவ்வளவு சார்?" மாமியார் பக்கத்தில் பப்பாளி இலைச் சாறோடு நின்றார்.

"எண்பதாயிரம். அது கிடக்கட்டும்மா. பி.சி.வி. 36 இருந்தது, 44 ஆயிருக்கு. எனக்கு அதுதான் கவலை."

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதுதான் பி.சி.வி. சிவப்பணு கூடவில்லை, நீர் குறைந்திருக்கிறது. குழம்பு சுண்டுகிற கதைதான். எங்கே போனது நீர்? தந்துகிகள், அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய்கள்; அவற்றின் சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு. ஆக்சிஜன் அந்தச் செல்களுக்குள்ளேயே புகுந்து போய்விடும். குளுக்கோஸும் உப்பும் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் நழுவும். அல்புமின் பெரிய புரதம் என்பதால் பெரும்பாலும் உள்ளேயே தங்கி, நீரையும் பிடித்து வைத்திருக்கும். டெங்குவில் சுவர் தளர்ந்து அல்புமினே வெளியேறுகிறது; பின்னாலேயே நீரும். ஸ்கேனில் மகனின் வயிற்றில் நீர், நுரையீரலைச் சுற்றியும் கொஞ்சம்.

இரண்டு நாள் அளந்து அளந்து சலைன் ஏற்றினார்கள். அப்புறம் பையன் நிறைய சிறுநீர் கழித்தான், உடனே டிரிப்பைக் கழற்றிவிட்டார்கள். கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் நேரத்தில் மேலும் ஏற்றினால் மூச்சு முட்டுமாம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

மறுமொழி 1:
அக்கா, என் அப்பாவுக்கு வேறு மாதிரி. சிறுநீரகத் தந்துகிகளில் மட்டும்தான் ஓட்டை. அல்புமின் சிறுநீரில் போய்ப் போய் 1.8க்கு இறங்கிவிட்டது, 3.5க்கு மேல் இருக்க வேண்டும். காலையில் இமை வீங்கும், சாயங்காலம் கால். கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். உப்பைக் குறைத்த பிறகு வீட்டில் நடந்த சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

மறுமொழி 2:
நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்தால் செருப்பு இறுக்கும். நோய் இல்லை, நின்றுகொண்டே இருந்தால் கால் தந்துகிகளில் அழுத்தம் ஏறி நீர் வெளியே தள்ளப்படுகிறது. அழுத்தம் தள்ளும், புரதம் இழுக்கும் என்று 1896இல் உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் சொன்ன கணக்கு. வெளியேறியதில் பெரும்பகுதி தந்துகி சிரையோடு (இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாயோடு) சேரும் முனையிலேயே திரும்பிவிடும் என்று படித்தோம். பெரும்பாலான திசுக்களில் அதை நிணநீர்க் குழாய்கள்தான் அள்ளி ரத்தத்தில் சேர்க்கின்றன என்கிறார்கள் இப்போது. அவற்றுக்குக் கெண்டைக்கால் தசை அசைந்தாக வேண்டும். அதனால் மணிக்கொரு முறை வார்டை ஒரு சுற்று சுற்றிவிடுவேன். சும்மா நடக்கிறேன் என்று சிஸ்டர்கள் சிரிப்பார்கள்.