மளிகை அலமாரியில் வண்டு, என்ன செய்யலாம்?

கேள்வி: காட்பாடியில் ரூம் எடுத்துப் படிக்கிற 40 பிள்ளைகளுக்கு இலவச மளிகை அலமாரி. ரவையில் வண்டு, மாவில் புழு. இதுக்கும், எவ்வளவு வாங்கி எப்படிக் கொடுக்கிறதுன்னும் வழி சொல்லுங்க.

பதில் 1: வேலூர் வெயிலுக்கு, மளிகை வைக்கத் தகரக் கூரை அறை ஆகாது. மூட்டையைப் பலகை மேல, சுவரை விட்டு அரையடி தள்ளி அடுக்குங்க. ரவையை வாசம் வர வறுத்து, நல்லா ஆறினதும் டப்பாவில் போடணும். சூட்டோட மூடினா மூடி வேர்த்துக் கட்டி தட்டிடும். மாவை மொத்தமா வாங்கி வைக்கவே வேண்டாம்.

பதில் 2: ஆளுக்கு 2 கிலோ அரிசின்னா 80 கிலோ. 25 கிலோ சிப்பம் மூணு பத்தாது, நாலு எடுங்க. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் சிப்பத்தைப் பிரிச்சுப் பார்த்து வாங்குங்க. பையில் தேதி எழுதி, பழசை முன்னால வைங்க.

பதில் 3: பொருள் வாங்க வர்ற பிள்ளைகளைப் பேர் எழுதச் சொன்னா கூச்சப்பட்டு வரமாட்டாங்க, டோக்கன் நம்பர் போதும். அடுப்பே இல்லாத ரூமுக்கு அரிசி எதுக்கு? அவல், பொட்டுக்கடலை, வெல்லம் கொடுங்க.